மகளிர் திட்டங்களுக்கு அரசு நிதி: கேள்வி பதில்

கேள்வி: கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழு தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்கு அரசு நிதி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் குழுவுக்கு முதலில் வருவது சுழல்நிதி (உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுற்றிவர வேண்டிய பணம்), ரூ.20,000 முதல் ரூ.30,000 வரை. கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுவுக்குள் கொடுக்கும் கடன்), திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மகளிர் திட்ட அலுவலகத்தில் தரமதிப்பீடு கேளுங்கள்.

கேள்வி: அந்தப் பணத்தை 12 பேரும் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ரூ.30,000-ஐப் பிரித்தால் ஆளுக்கு ரூ.2,500. அதை வைத்து ஒரு தையல் இயந்திரம்கூட வாங்க முடியாது, குழுவின் முதலும் கரைந்துவிடும். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்று கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கடனாகக் கொடுங்கள். பணம் சுற்றிவருவது பேரேட்டில் தெரிந்தால்தான் அடுத்து சமுதாய முதலீட்டு நிதி (இதே இயக்கத்தின் அடுத்த கட்ட நிதி), வங்கிக் கடன் என்று மேலே போக முடியும்.

கேள்வி: எங்களுடையது அறக்கட்டளை. பெண்களுக்கு ஆலோசனை மையம் நடத்த மத்திய அரசு மானியம் கேட்கப் போகிறோம். என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

பதில்: பதிவுப் பத்திரம், பான், நிதி ஆயோக்கின் தர்பன் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான இணையதளப் பதிவு எண்), வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கான பதிவு (12ஏபி), தணிக்கை செய்த கணக்குகள் (பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குக் கேட்பார்கள்), அரசுப் பணம் அனுப்பப்படும் இணைய முறையான பொது நிதி மேலாண்மை அமைப்பில் (பிஎஃப்எம்எஸ்) பதிவு. பத்திரத்தின் நோக்கங்களில் பெண்கள் நலன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பான், வங்கிக் கணக்கு, தர்பன் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் ‘டிரஸ்ட்’ விட்டுப்போயிருந்தாலே சரிபார்ப்பில் நின்றுவிடும்.

கேள்வி: பட்ஜெட்டில் ‘பயிற்சி ரூ.90,000, இதர செலவு ரூ.40,000’ என்று போட்டோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

பதில்: கணக்கு எப்படி வந்தது என்று அதில் தெரியவில்லை. ‘30 பெண்கள் × 10 நாள் × ரூ.300’ என்று எழுதி, அந்த 300-இல் சாப்பாடு எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். ‘இதர’ என்ற தலைப்பையே எடுத்துவிடுங்கள். திட்ட விதி இடம் கொடுத்தால் பேருந்துக் கட்டணத்தையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான கூலியையும் சேருங்கள். கைக்குழந்தையை விட ஆளில்லாமல்தான் பல பெண்கள் மூன்றாம் நாளே நின்றுவிடுகிறார்கள். எழுதுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

கேள்வி: முதல் தவணை வந்து செலவும் ஆகிவிட்டது. இரண்டாவது தவணை வரவே இல்லை.

பதில்: வந்த பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன்படி 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் தர வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள், தவணை முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். வழக்கமாகச் சிக்குவது மூன்று இடங்களில். ஊழியரிடம் கொடுத்த முன்பணத்தைச் செலவு என்று காட்டுவது: பில் வந்து கணக்கு முடிந்த பிறகுதான் அது செலவு. சம்பளத் தலைப்பில் மிஞ்சியதை எழுத்துமூல அனுமதி இல்லாமல் தளவாடத்துக்குத் திருப்புவது: அந்தத் தொகையை ஏற்கமாட்டார்கள். மானியத்துக்கு வங்கி கொடுத்த வட்டியை மறைப்பது: அது அரசுக்குத் திரும்பிப் போக வேண்டிய பணம். மானியத்துக்கென்று தனிக் கணக்கு வைத்தால் இந்த வட்டி கலப்பே வராது. மானியத்தில் வாங்கிய பொருள்களுக்குச் சொத்துப் பதிவேடும் வேண்டும். அனுமதி இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது.

கேள்வி: குடும்ப வன்முறையால் வந்த பெண்களின் பெயர், புகைப்படத்தை அறிக்கையில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, வயது, வந்த தேதி, அளித்த உதவி மட்டும் எழுதுங்கள். பெயர் உள்ள பதிவேடு மையத்திலேயே பூட்டில் இருக்கட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதை அங்கேயே பார்க்கலாம், நகல் வெளியே போகக்கூடாது.