கோடையில் புரூக் டிரவுட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலை நிமித்தமாக வர்ஜீனியாவில் குடியேறிய எனக்கு, செயற்கை ஈயைக் கட்டித் தூண்டில் போடும் ஃபிளை ஃபிஷிங்கில் அண்மையில் ஆர்வம் பிறந்திருக்கிறது. ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் சிற்றோடைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புரூக் டிரவுட் பிடிக்கச் செல்லலாமா? எந்த ஈயை வாங்குவது?

பதில்: செல்லலாம். ஆனால் ஈயை வாங்குவதற்கு முன் நீரில் அமிழ்த்திப் பார்க்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். புரூக் டிரவுட் குளிர்நீரை விட்டால் பிழைக்காத மீன். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் வரை கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன், 20 டிகிரியில் 9 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மீனின் உடலுக்கோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்நிலையில் முள்ளில் மாட்டிப் போராடிக் களைத்த மீனை எவ்வளவு பக்குவமாக விடுவித்தாலும் அது பிறகு இறந்துபோகக்கூடும். ஆகவே நீர் 18 டிகிரியைத் தாண்டியதும் தூண்டில் கோலைக் கழற்றிவிடுங்கள். 20-ஐத் தொட்ட நீரில் தூண்டில் போடுவதை நான் விளையாட்டாகவே கருதுவதில்லை. விடியற்காலையே ஏற்ற நேரம். மாலையில் காற்று குளிர்ந்துவிட்டாலும், பகலெல்லாம் ஏறிய சூட்டை நீர் உடனே விட்டுவிடாது.

ஈயைப் பொறுத்தவரை அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். நீரில் பிறக்கும் பூச்சிகளின் வரத்து கோடை நடுவில் குறைந்துவிடுவதால், மரங்களிலிருந்து தவறி விழும் எறும்பு, வண்டு, இலையிலிருந்து நூலில் தொங்கும் பச்சைப் புழு ஆகியவற்றை நம்பியே இம்மீன்கள் வாழ்கின்றன. இவற்றைப் போன்ற மிதக்கும் ஈக்கள் சில, 14 அல்லது 16 எண் கொக்கியில், அதன் எதிர்முள் (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்) நசுக்கப்பட்டவையாக இருந்தால் போதும். கோல் ஏழடிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: நான் கரையை நெருங்கும்போதே மீன்கள் ஓடி ஒளிந்துவிடுகின்றன. மேலே கிளைகள் கவிந்திருப்பதால் கோலை வீசவும் இடமில்லை. என்ன செய்வது?

பதில்: ஓடையில் மீன் நீரோட்டத்தை எதிர்கொண்டு, மேல்பக்கம் பார்த்தபடியே நிற்கும். எனவே கீழிருந்து மேல்நோக்கி, அதன் முதுகுப்புறமாகச் செல்லுங்கள். கோடையில் நீர் வற்றித் தெளிந்திருக்கும். வெளிர்நிறச் சட்டையும் நீரில் விழும் நிழலும் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பலரும் மடுவின் தலைப்பகுதியில் விழும் நுரைநீரையே குறிவைத்து நேராக நடக்கிறார்கள். மடுவின் வால்பகுதியில், ஆழம் குறைந்த இடத்தில் நிற்கும் விரல்நீளக் குஞ்சு ஒன்று மிரண்டு மேலே பாய்ந்தால், மடு முழுவதும் அடங்கிவிடும். ஆகையால் மண்டியிட்டு, முதல் வீச்சை அந்த வால்பகுதியிலேயே போடுங்கள்.

கிளைகள் நெருக்கமாக இருக்குமிடத்தில் வில்லில் அம்பு தொடுப்பது போன்ற வீச்சு கைகொடுக்கும். கொக்கியின் வளைவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, கோலின் நுனி வளையும் அளவுக்குப் பின்னால் இழுத்து, இலக்கை நோக்கி விட்டுவிட வேண்டும். ஈ தாழ்வாகப் பறந்து கிளைக்கடியில் போய் விழும். தூண்டில் நரம்பு நீரோட்டத்தில் சிக்கி ஈயை இழுக்காதவாறு கோல்நுனியை உயர்த்திப் பிடியுங்கள். பசித்த மீனாக இருந்தால் முதல் வீச்சிலோ இரண்டாம் வீச்சிலோ எடுத்துவிடும். எடுக்காவிட்டால் அடுத்த மடுவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நீலகிரி அவலாஞ்சியில் உள்ள டிரவுட்டும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அங்கிருப்பது ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட ரெயின்போ டிரவுட். அதன் பூர்வீகம் பசிபிக் கரையோர ஆறுகள். புரூக் டிரவுட் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரியது. பெயரில் டிரவுட் என்றிருந்தாலும் உண்மையில் 'சார்' என்னும் மீனினத்தைச் சேர்ந்தது. கரிய உடலில் வெளிர் புள்ளிகளும், நீல வளையத்துக்குள் சிவப்புப் பொட்டுகளும், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடும் இருந்தால் அது புரூக் டிரவுட்தான். மரம் வெட்டியதால் ஓடைகள் சூடேறியதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் பெருகியதும் அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள ஸ்மோக்கி மலைத்தொடரில் இதன் வாழிடத்தை உச்சி ஓடைகளோடு சுருக்கிவிட்டன.

கேள்வி: பிடித்த மீனைச் சமைக்கலாமா?

பதில்: ஓடைக்கு ஓடை விதி மாறுபடும் என்பதால் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அமெரிக்க அதிபர் ஹூவர் 1929-இல் தம் ஓய்வு முகாமுக்கு இடம் தேடியபோது, வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள், கொசு அண்டாத 2,500 அடி உயரத்தில், டிரவுட் உள்ள ஓடையருகே அது அமைய வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்த, இப்பூங்காவிலுள்ள ராப்பிடான் ஆற்றில் இன்று பிடித்த மீனை விட்டுவிடத்தான் வேண்டும். மற்ற ஓடைகளிலும் ஆறேழு அங்குல மீனே பெரிதாகையால், விட்டுவிடுவதே என் பரிந்துரை. உலர்ந்த கை மீனின் மேற்பூச்சை உரித்துவிடும் என்பதால் கையை நனைத்துக்கொண்டு, கூடுமானவரை மீனை நீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். அக்டோபர், நவம்பரில் மீண்டும் சென்றால் கரையிலேயே நடங்கள். சரளைக்கற்களிடையே முட்டைகள் இருக்கும்.