டேட்டா இல்லாத இடத்தில் போன் வழி காட்டுமா?

கேள்வி: அடுத்த வாரம் குடும்பத்துடன் காரில் மலைப்பாதை வழியாக நெடும்பயணம் போகிறோம். வழியில் பல மணி நேரம் சிக்னல் இருக்காது என்கிறார்கள். டேட்டா இல்லாமல் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். ஆனால் புறப்படும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இன்டர்நெட் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. வானொலி கேட்பதைப் போலப் போன் அவற்றை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் கணக்குப் போட்டுவிடும். இதற்குச் சிம் கார்டுகூட வேண்டாம். டேட்டா செலவாவது அந்த இடத்தைச் சுற்றி வரைபடத்தை வரையவும், வழியைக் கணக்கிடவும், போக்குவரத்து நெரிசலைக் காட்டவும்தான்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகிறது. டேட்டா இருந்தால் போன் அந்த விவரத்தை இன்டர்நெட்டிலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்தே கேட்டு முடிக்க அரை நிமிடமாவது ஆகும். நெடுநாள் அணைத்து வைத்த போன் என்றால் பல நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் 'ஜிபிஎஸ் கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் வண்டியை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருங்கள். சிக்னல் உள்ள இடத்திலேயே வரைபடத்தைத் திறந்து, நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நிலைத்த பிறகு கிளம்புவது இன்னும் நல்லது.

கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் வரைபடமாக ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். சாலையை ஒட்டி மட்டும் இறக்காமல் இருபுறமும் தாராளமாக விட்டு இறக்குங்கள். டேட்டா இருக்கும்போது போட்ட வழி, சிக்னல் போன பிறகும் திரையில் இருக்கும்தான். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புதிய வழி கணக்கிட அந்தப் பகுதியின் வரைபடம் போனில் இருந்தாக வேண்டும். ஆஃப்லைனில் கூகுள் கார் வழி மட்டுமே சொல்லும். நெரிசல், சாலை அடைப்பு எதுவும் தெரியாது. நடக்கவும் எண்ணமிருந்தால் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியை நான் பரிந்துரைப்பேன். பலரும் சேர்ந்து உருவாக்கும் பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொண்ட இவை நடைபாதைக்கும் டேட்டா இல்லாமலே வழி சொல்லும். இறக்கிய வரைபடங்களைக் கிளம்பும் முன் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இறக்கியாகிவிட்டது என்று நம்பி விட்டுவிடாமல், வீட்டிலேயே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுச் சேருமிடத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். வந்தால் நிம்மதி. வராவிட்டால் சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

வழிகாட்டும்போது திரை எரிந்துகொண்டே இருப்பதால் பேட்டரி வேகமாகத் தீரும். கார் சார்ஜர் கட்டாயம். நேர் வெயிலில் போனை வைக்காதீர்கள், சூடேறினால் அணைந்துவிடும்.

ஆபத்து நேரத்துக்காக இன்னொன்றையும் வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கிடைக்கும். டேட்டா இல்லாமல், குறுஞ்செய்தி போகும் அளவுக்கு மட்டும் சிக்னல் வந்தாலும், அந்த இரண்டு எண்களை அனுப்பினால் உதவிக்கு வருபவர்கள் நேரே உங்களிடம் வந்துவிடலாம்.