ரிப்போர்ட் நல்லதாகத்தான் இருக்கிறது, எரிச்சல் ஏன் திரும்ப வருகிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி: "மாமியாருக்கு 68 வயது, இனிப்பு நீர் உண்டு. நாலு மாதத்தில் மூன்றாவது தடவை சிறுநீர் எரிச்சல். ஈ.கோலை என்ற குடல் கிருமியாம், கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றுதான் ரிப்போர்ட். கிருமி டிஎன்ஏவில் குறி போட்டுத் தப்பிக்கிறது என்கிறான் மகன். மாத்திரையை மாற்றச் சொல்லவா?"

மகன் சொன்னதில் விஷயம் இருக்கிறது அக்கா, ஆனால் மாத்திரையை மாற்ற அது காரணமில்லை.

பால்மரக் காட்டில் வெட்டக் கூடாத மரத்துக்குச் சாயம் பூசிவிட்டால், மரம் அதே மரம்தான், ஆனால் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு வருகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார் இல்லையா? ஈ.கோலைக்குள் இருக்கும் டேம் என்ற நொதியின் வேலையும் அதுதான். டிஎன்ஏவில் ஜி-ஏ-டி-சி என்று நான்கெழுத்து வரும் இடங்களில் 'ஏ' மேல் மீத்தைல் என்ற சின்ன ரசாயனக் குறி வைக்கும். எழுத்து மாறாது.

சிறுநீரகம்வரை ஏறும் ஈ.கோலை சிலவற்றுக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ள பேப் என்ற நுண்மயிர்கள் உண்டு. அந்த மயிருக்கான ஜீனுக்கு முன்னால் இரண்டு ஜிஏடிசி இடங்கள்; எல்ஆர்பி என்ற புரதம் உட்கார்ந்த இடத்தில் டேம் குறி வைக்க முடியாது, மற்றதில் வைக்கும். எதில் குறி விழுந்தது என்பதைப் பொறுத்து மயிர் முளைக்கும், அல்லது முளைக்காது. ஒரே தாய்க்கிருமியின் பிள்ளைகளிலேயே சில மயிரோடு, சில மொட்டையாக! (மூளை இல்லாத ஜந்துவுக்கு இத்தனை தந்திரம்.)

டேமையே எடுத்துவிட்டால்? 1999இல் கலிபோர்னியாவில் டேம் இல்லாத சால்மோனெல்லா என்ற வேறொரு கிருமியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் உண்டாக்கும் பலம் போய்விட்டது, தடுப்பூசி மாதிரியும் வேலை செய்தது. டேம் இல்லாத ஈ.கோலை ஆம்பிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கும் சீக்கிரம் சாகிறது: பிரதி எடுக்கையில் வரும் பிழையைத் திருத்துகிற புரதங்களுக்குப் பழைய இழை எது, புதியது எது என்று காட்டுவதே அந்தக் குறிதான், அது இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் இரண்டையும் வெட்டிவிடும். ஆனால் டேமைத் தடுக்கும் மாத்திரை இன்னும் கடைக்கு வரவில்லை.

சரி, மாமியாருக்கு வருவோம். உண்மையான எதிர்ப்பு வேறு, மருந்தை உடைக்கும் நொதிக்கான ஜீன் போன்றவற்றால் வருவது. அது பெரும்பாலும் லேப்பில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டிலேயே தெரிந்துவிடும். கட்டுப்படும் என்று வந்த பிறகும் திரும்புகிறதென்றால், குடலில் தங்கிய கிருமி மறுபடி வந்திருக்கலாம், சர்க்கரை ஏறியிருக்கலாம், மூத்திரம் முழுதாக இறங்காமல் இருக்கலாம், அல்லது எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். கடைசியைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கேளுங்கள், மிஞ்சிய மாத்திரை அலமாரியில் இருக்கும்.

அடுத்த தடவை மருந்து தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது அந்தக் கிருமி வளர்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். முதல் நீரை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கிளினிக்கில் சேர்த்துவிடுங்கள். எரிச்சலே இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால் இந்த வயதில் பொதுவாக மருந்தே வேண்டாம். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்றால் திங்கட்கிழமை கிளினிக்குக்குக் காத்திருக்காமல் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.