அப்டேட் வந்தது, வசதி போனது: கேள்வி பதில்

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த வசதியை அப்டேட்டில் ஏன் எடுத்துவிடுகிறார்கள்?

பதில்: பழைய நிரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதும்போதுதான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. வெளியீட்டுத் தேதிக்குள் எழுதி முடியாதவை விடுபட்டுப் போகும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் (திரையின் அடியில் இருக்கும் பட்டை) அப்படித்தான். கோப்பை இழுத்துவந்து அதன்மேல் போடும் வசதி 2022-இல்தான் திரும்பியது. திறந்திருக்கும் விண்டோக்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம், நிறுவனங்கள் சேகரிக்கும் பயன்பாட்டுத் தரவு. சிலர்தான் தொடுகிறார்கள் என்று அது காட்டினால் வசதியைத் தூக்கிவிடுவார்கள். அந்தச் சிலரின் அன்றாட வேலையே அதை நம்பித்தான் ஓடுகிறது என்பது எண்ணிக்கையில் தெரியாது. தரவு அனுப்ப மறுத்தவர்களோ கணக்கிலேயே வருவதில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கேள்வி: பழைய பதிப்புக்கே திரும்ப முடியுமா?

பதில்: எந்தச் சாதனம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பொதுவாக 10 நாள் அவகாசம் உண்டு. ஆண்ட்ராய்டில் செயலியை நீக்கிவிட்டுத்தான் பழையதைப் போட முடியும். அப்போது அதன் தரவும் போய்விடும் என்பதால் முதலில் பேக்கப் எடுங்கள். ஐபோனில், பழைய ஐஓஎஸ் பதிப்புக்கு ஆப்பிள் ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டால் வழியில்லை.

கேள்வி: எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: வேண்டாம். பிரவுசருக்கும் இயங்குதளத்துக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டாயம் வேண்டும். இணையத்தோடு சம்பந்தமில்லாத நிரல்களுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் ஈஎஸ்ஆர் என்றொரு பதிப்பு இருக்கிறது. அதில் சுமார் ஒரு வருஷத்துக்கு வசதிகள் மாறாது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். எல்லா நிறுவனங்களும் இப்படிப் பிரித்துத் தர வேண்டும்.

கேள்வி: புகார் செய்தால் கேட்பார்களா?

பதில்: கேட்டிருக்கிறார்கள். 2011-இல் ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ எக்ஸ், பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து எடிட் செய்யும் மல்டிகேம் வசதி இல்லாமல் வெளிவந்தது. தொழில்முறை எடிட்டர்கள் கொதித்துப் போனார்கள். 2012 ஜனவரியிலேயே அது திரும்பிவிட்டது. 'படுமோசம்' என்று எழுதி ஒரு ஸ்டார் தருவதால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எந்தப் பதிப்பில் எது போனது, அதனால் உங்களுடைய எந்த வேலை நின்றது, இப்போது கூடுதலாக எத்தனை கிளிக் ஆகிறது என்று எழுதுங்கள். ஏற்கெனவே அதே புகார் பதிவாகியிருந்தால் அதிலேயே உங்கள் ஆதரவையும் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய சாதனத்திலேயே வசதியைப் பிடுங்கலாமா?

பதில்: கூடாது என்பதே என் கருத்து. பிளேஸ்டேஷன் 3 கேம் சாதனத்தில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ விடும் வசதியை 2010 ஏப்ரலில் ஒரு அப்டேட் மூலம் சோனி நீக்கியது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பல வருஷம் இழுத்தாலும், கடைசியில் சோனி சமரசத்துக்கு வந்து பணம் தர ஒப்புக்கொண்டது.