போதும் என்பதற்கு ஓர் எண்

அன்புள்ள ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

சம்பளம் உயர்ந்திருக்கிறது. பெரிய வீடு வாங்கலாமா என்று நானும் மனைவியும் யோசிக்கிறோம். சபையில் சிலர் 3 யோவான் 2-ஆம் வசனத்தைக் காட்டி, எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருப்பதே தேவசித்தம் என்கிறார்கள். வேறு சிலர் வசதியை நாடுவதே உலக சிநேகம் என்கிறார்கள். தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன். மீதி 90 சதவீதத்தை என் விருப்பப்படி செலவிடலாம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த வசனம். அது காயு என்பவருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்க வாழ்த்து. நாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவதுபோல, சுகம் விசாரித்துத் தொடங்குவது அக்காலக் கிரேக்கக் கடிதங்களின் வழக்கம். அதை எல்லாருக்குமான செல்வ வாக்குத்தத்தமாக்குவது அநியாயம். 5-ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். அந்நியரையும் சகோதரரையும் உபசரித்து வழியனுப்பியதற்காகவே காயு பாராட்டப்படுகிறார்.

வசதியே பாவம் என்பதும் சரியல்ல. ஐசுவரியவான்களை எச்சரிக்கிற 1 தீமோத்தேயு 6:17, நாம் அநுபவிக்கவே தேவன் நன்மைகளைத் தருகிறார் என்றும் சொல்கிறது.

லூக்கா 12-இல் இயேசு சொன்ன உவமையில் வரும் ஐசுவரியவானைக் கவனியுங்கள். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் 17 முதல் 19 வரையுள்ள வசனங்களில் அவன் பேசுவதெல்லாம் தன்னோடு மட்டுமே. என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா! விளைச்சல் கூடியதும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான். இத்தனை போதும் என்ற அளவு அவனிடம் இல்லை. உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவதும் வீடு அல்ல, அந்த 90 சதவீதம். பத்தில் ஒன்றைக் கொடுத்ததும் மற்ற ஒன்பதுக்கும் கணக்கு முடிந்துவிடுவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு மெதடிஸ்ட் இளைஞரின் கணக்கை, அந்த மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி சொல்லியிருக்கிறார். அது வெஸ்லியின் சொந்தக் கணக்கேதான் என்பது பொதுவான கருத்து. ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் செலவு 28தான், கொடுத்தது 32. பிறகு 90, 120 என்று உயர்ந்தும் செலவு அசையவில்லை. நான்காம் ஆண்டில் கொடுத்தது 92.

குடும்பஸ்தர் அப்படியே செய்ய முடியாது. பிள்ளைகள் வளர்வார்கள், விலைவாசியும் ஏறும். ஆனால் முறை பொருந்தும். 3 மாதச் செலவை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். நீங்களும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, மாதத்துக்கு இவ்வளவு போதும் என்று ஒரு தொகை குறியுங்கள். ஒருவர் மட்டும் தீர்மானித்தால் அது இரண்டு மாதம்கூடத் தாங்காது. அடுத்த சம்பள உயர்வு வருவதற்கு முன்பே குறித்துவிடுவது நல்லது; பணம் கைக்கு வந்தபின் ஆசைக்கும் தேவைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திருத்துங்கள். காணிக்கையைச் சம்பள நாளிலேயே பிரித்து வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுப்போம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. நூறு மடங்காய்த் திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுத்தாலோ, அதற்குப் பெயர் முதலீடு.

சேமிப்பது அவிசுவாசமாகாதா என்று கேட்பார்கள். யாத்திராகமம் 16-இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவான மன்னா நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர், அதாவது ஏறக்குறைய 2 லிட்டர். மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் சேர்த்த இரட்டிப்பு கெடவில்லை. காரணம் தெரிந்து சேர்ப்பது வேறு, பயத்தில் குவிப்பது வேறு. ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு நியாயமானதே.

இனி வீடு. தவணை, வரி, பராமரிப்பு மூன்றையும் கூட்டி, குறித்த தொகைக்குள் அடங்குகிறதா பாருங்கள். தவணைக்காகக் காணிக்கையிலோ கையிருப்பிலோ கைவைக்க வேண்டியிருந்தால், அந்த வீடு உங்களுக்குப் பெரியது. அடங்கினால் சந்தோஷமாக வாங்குங்கள். வாங்கினால், காயுவைப்போல வழிப்போக்கரைத் தங்கவைக்க ஓர் அறையை ஒதுக்குங்கள்.