முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு தாள்

(வெளிநாட்டில் குடியேறுவது பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பாரிஸின் வடக்குப் புறநகரில் 23 வருடம் குடும்பம் நடத்திவிட்டு இப்போது காரைக்காலுக்கே திரும்பி வந்திருப்பவர்.)

கேள்வி: எனக்கு 27 வயது. ஊர் குத்தாலம். அத்தை மகனுக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள். அத்தை வீடு காரைக்கால். அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பாரிஸ் பக்கம் வேலை. ஆவணியில் கல்யாணம், எங்கள் ஊரிலேயே மண்டபம் பேசியாகிவிட்டது. "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடட்டும், கார்டை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் அவருடைய சிநேகிதர். நான் இங்கிருந்தே என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
— க., குத்தாலம்

பதில்: முதலில் அந்தச் சிநேகிதருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். டூரிஸ்ட் விசா 90 நாள் சுற்றிப்பார்க்கத்தான். இங்கே தாலி கட்டிக்கொண்டு அந்த விசாவில் போய் இறங்கினால், அங்கே அதை வசிப்பு அட்டையாக மாற்றித் தர மாட்டார்கள். திரும்பி வந்து புதுச்சேரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். போக வர டிக்கெட் காசுதான் தண்டம்.

மண்டபம் பேசியாகிவிட்டது என்கிறீர்களே, மாப்பிள்ளை தூதரகத்தில் மனு போட்டுவிட்டாரா? பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் கல்யாணம் செய்வதாக இருந்தால், 'இவர் திருமணம் செய்யத் தகுதியானவர்' என்ற சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். அது புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு துணைத் தூதரகத்தில். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று அங்கே அறிவிப்புப் பலகையில் 10 நாள் ஒட்டி வைப்பார்கள். அவர் குடியிருக்கும் ஊர் மேரியிலும் ஒட்டுவார்கள். மேரி என்றால் அந்த ஊர் நகராட்சி. நம் ஊரில் தண்டோரா போட்ட மாதிரிதான். ஒட்டுவது 10 நாள் என்றாலும், மனு போட்டுத் தாள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இந்த மனு போயிருக்க வேண்டும். இதை வாங்காமல் கல்யாணத்தை முடித்துவிட்டு, பிறகு தூதரகத்தில் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டதில், ஒரு வருடம் அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் குத்தாலத்தில் என்பதால் பதிவு தமிழ்நாட்டு முறைப்படி. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். விட்டுப்போனால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள். நீங்கள் அதுவரை போக வேண்டாம், கறிவிருந்து முடிந்த கையோடு பதிந்துவிடுங்கள். அந்தச் சான்றிதழைத் தூதரகத்தில் கொடுத்து, பிரெஞ்சுப் பதிவேட்டிலும் கல்யாணத்தை ஏற்றினால் குடும்பப் புத்தகம் ஒன்று தருவார்கள். அப்புறம்தான் மனைவி என்ற வகையில் நீண்டகால விசா. பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு அந்த விசாவுக்குக் கட்டணம் கிடையாது. 'கட்டணம்' என்று யாராவது நீட்டிய கையோடு வந்தால் சுதாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட தயாரிப்புக்கு வருகிறேன். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஒரு பாயை விரித்து, உங்கள் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பா அம்மாவின் ஆதார் எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்றே மூன்று விஷயத்தைப் பாருங்கள்: உங்கள் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர். ஒவ்வொரு எழுத்தாக, ஆங்கிலத்தில். ஒன்றில் செல்விக்கு 'எஸ்' போட்டிருப்பார்கள், இன்னொன்றில் 'சி எச்'. அப்பா ஒரு தாளில் சுப்ரமணியன், அடுத்ததில் சுப்பிரமணியம், மூன்றாவதில் வெறும் சுப்பு. நமக்கு எல்லாம் ஒரே ஆள். அங்கே வசிப்பு அட்டை தரும் அரசு அலுவலகமான ப்ரெஃபெக்சரில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு அவர்கள் மூன்று பேர்.

என் கதையைச் சொல்கிறேன். நான் பிறந்தபோது பதிவேட்டில் 'பெண் குழந்தை' என்று எழுதியதோடு சரி. பெயரே இல்லை. 1996-இல் கல்யாணமானதும் அவசரமாகப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஒரு தரகர் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பெயர் கலியபெருமாள். அதில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. யார் பார்த்தோம்? விசாவெல்லாம் கிடைத்துப் போயும் சேர்ந்துவிட்டேன். ஜனவரிக் குளிரில் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று, ஒன்பதரை மணிக்கு என் முறை வந்தது. அந்த அம்மாள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் மேல் இடது கை விரலையும், சான்றிதழில் அப்பா பெயர் மேல் வலது கை விரலையும் வைத்தார். இரண்டு விரலும் எழுத்து எழுத்தாக நகர்ந்தன. வலது விரல் மட்டும் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. பேசவே இல்லை, கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். அதற்கப்புறம் மும்மூன்று மாதத்துக்கு ரெசெப்பிசே, அதாவது தற்காலிக ரசீது. அதைப் புதுப்பித்துப் புதுப்பித்தே ஒன்றரை வருடம் ஓடியது. அப்பா கிடையில் கிடந்தபோது ஊருக்கு வரக்கூடப் பயம். போனால் திரும்ப விடுவார்களோ, மாட்டார்களோ.

எழுத்து வேறாக இருந்தால் நோட்டரியிடம் போய் 'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று பத்திரத்தில் எழுதி வாங்குவது நம் ஊர் வழக்கம். இங்கே பேங்க்கில் அது செல்லும். அங்கே அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே தவிர ஏற்கவில்லை. மூலத்தைத் திருத்துங்கள். நகராட்சியோ ஊராட்சியோ, பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே எழுத்துப் பிழையைத் திருத்த மனு கொடுத்து, ஆங்கிலமும் தமிழும் உள்ள புது நகல் வாங்குங்கள். பிறகு பாஸ்போர்ட்டை அதோடு ஒத்துப்போக வையுங்கள்.

பிறந்த தேதி வேறாக இருக்கிறதா? ஐந்து வயது நிரம்பவில்லை என்று வாத்தியாரே ஒரு மே மாதத் தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள் டெல்டாவில் எத்தனை பேர்! பாஸ்போர்ட்டில் பள்ளிக்கூடத் தேதி இருந்தால் அதைப் பிறப்புச் சான்றிதழ்ப்படி மாற்றப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மாற்றப் போய்க் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம். மனைவியாகப் போகிறவரின் வசிப்பு அட்டைக்கு அதை யாரும் கேட்பதில்லை.

குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்ற குழப்பமும் வரும். நமக்கு இனிஷியல்தானே உண்டு. காரைக்காலில் பிரெஞ்சுப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். 1881-இல் வந்த ஓர் ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு உண்டு. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரைப் போடுங்கள். அங்கே எல்லோரும் உங்களை 'மதாம் சுப்ரமணியன்' என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை, அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

திருத்தி முடித்த பிறகுதான் அப்போஸ்டில், அதாவது இந்தத் தாள் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் ஒட்டு. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டு. அமைச்சகக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான். மேலே கேட்பதெல்லாம் ஏஜெண்டின் அலைச்சல் கூலி. ஒட்டு விழுந்த பிறகு பிரெஞ்சில் மொழிபெயர்க்கக் கொடுங்கள், ஒட்டில் உள்ளதையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும், கல்லூரியில் பிரெஞ்சு படித்த பக்கத்து வீட்டுப் பையன் ஆகாது. இன்னொன்று, எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நம் ஆட்கள் ரேஷன் கார்டு முதல் ஜாதகம் வரை பிளாஸ்டிக்குக்குள் போட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் மேல் முத்திரை எங்கே குத்துவது?

போய் இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் விசாவைச் செல்லுபடியாக்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்த விசாவே முதல் வருடத்துக்கு வசிப்பு அனுமதி. விருந்து, உறவு என்று சுற்றிக்கொண்டு இதை மறந்தவர்கள் உண்டு. மருத்துவப் பரிசோதனை, மொழித் தேர்வு, நாலு நாள் குடிமைப் பயிற்சி எல்லாம் அழைப்பு வரும்போது போனால் போதும். கரண்டு பில், வாடகை ஒப்பந்தம் இரண்டிலும் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி முதல் மாதமே மாப்பிள்ளையை நச்சரியுங்கள். அட்டை முடிவதற்கு நாலு மாதம் முதல் இரண்டு மாதம் முன்புவரை புதுப்பிக்க மனு போட வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு அப்போது இந்தத் தாள்கள்தான் சாட்சி, ஆல்பம் அல்ல.

ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பிரெஞ்சு படிக்க ஆரம்பியுங்கள். 2026 ஜனவரியிலிருந்து, ஓராண்டு அட்டைக்கு அடுத்து வரும் பல்லாண்டு அட்டைக்குப் பிரெஞ்சில் 'ஏ2' நிலை, அதாவது அன்றாட விஷயங்களைப் பேசிச் சமாளிக்கும் அளவு கேட்கிறார்கள். அதற்கு வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும், வீட்டில் மாமியாரோடு தமிழ் பேசி வராது.

கேள்வி: என் தாத்தா 1948-இல் காரைக்காலில், பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர். பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருக்கிறது. அதை வைத்து நான் பிரான்சில் குடியிருக்கும் அட்டை வாங்க முடியுமா?
— ஆர்., திருநள்ளாறு

பதில்: அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம் தம்பி, அவ்வளவுதான். காரைக்கால் 1954 நவம்பர் 1-இல் நடைமுறையில் கைமாறியது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-இல். அன்றைக்கு இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் இந்தியர்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தாவுக்கு அப்போது 14 வயது. ஆக, கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவர் உங்கள் கொள்ளுத்தாத்தா. அந்தத் தாள் பெட்டியில் இருந்தால் எழுதுங்கள், அது குடியுரிமை விஷயம், வேறு வழியாகப் பார்க்க வேண்டியது. இல்லையென்றால் மற்றவர்களைப் போல வேலை, படிப்பு என்ற வாசல்தான்.

கேள்வி: மகன் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கப் போகிறான். பிளாக்டு அக்கவுண்டில் பணம் காட்ட வேண்டுமாம். சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டு, விசா வந்ததும் எடுத்துத் திருப்பிவிடலாமா?
— ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: முடியாது ஐயா. அதனால்தான் அதை முடக்குக் கணக்கு என்கிறார்கள். 11,904 யூரோ போட்டால் மாதம் 992 யூரோதான் வெளியே வரும், அதுவும் மகன் அங்கே போன பிறகு அவன் கைக்கு. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். கைமாற்றுக் கொடுத்தவர் குறுவை அறுப்புக்கு வந்து நிற்பார், பணம் ஜெர்மனியில் மாதத் தவணையில் வந்துகொண்டிருக்கும். பேங்க் கல்விக் கடனை அதில் போடலாம், அதைக் கேளுங்கள். நிலத்தை விற்கும் பேச்சை எடுக்காதீர்கள். ஏனென்றால் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த வருடச் செலவுக்கு வழி என்ன என்று மறுபடி கேட்பார்கள். அப்போது எந்த நிலத்தை விற்பது?

பையனிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். கையெழுத்துத் தர மாட்டேன் என்கிற வீட்டுக்காரரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: 2018 கஜா புயலில் ஓடு பறந்து, டிரங்குப் பெட்டியோடு சான்றிதழ்கள் நனைந்துவிட்டன. பிறப்புச் சான்றிதழில் பாதி எழுத்து இல்லை. மகளிடம் போக இப்போது அது தேவைப்படுகிறது.
— ஒரு அம்மா, வேதாரண்யம்

பதில்: நனைந்தது நகல்தானே அம்மா, மூலம் பதிவேட்டில் இருக்கிறது. பிறந்த ஊர், வருடம், பெற்றோர் பெயர் சொல்லிப் புது நகல் கேளுங்கள். தேடிப் பார்த்துப் பதிவு இல்லை என்றால் அதையே எழுத்தில் சான்றாக வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், தாமதப் பதிவுக்கு அவர் உத்தரவு வேண்டும். பழைய தாளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அழியாமல் இருக்கும் பாதியில் பதிவு எண் தெரிந்தால், தேடுகிற எழுத்தருக்கு அரை நாள் மிச்சம்.