குளிர்காலத்தில் உடற்பயிற்சியை விடாமல் தொடர்வது எப்படி?

மற்ற மாதங்களில் ஒழுங்காக ஓடுகிறேன், குளிர் தொடங்கிவிட்டால் போர்வையை விட்டு எழவே மனம் வருவதில்லை, உற்சாகத்தை எப்படித் தக்கவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உற்சாகத்தை நம்பி இருக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். குளிர்கால விடியற்காலையில் அது வராது. அதற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது.

வழக்கமாக நாம் விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்புதான் உடலின் உள்வெப்பம் ஆகக் குறைவாக இருக்கும். எழும்போது அது அப்போதுதான் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் உறக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் அடங்கும். குளிர்காலத்தில் அந்த வெளிச்சமும் தாமதமாகவே வருகிறது. வெளியே இருட்டு, உள்ளே சூடு ஏறாத உடம்பு. இதை தினமும் மன உறுதியை வைத்தே ஜெயித்துவிடலாம் என்று இறங்கினால் பெரும்பாலோர் இரண்டாவது வாரத்திலேயே ஓய்ந்துபோகிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் நேரத்தை மாற்றுங்கள். அதிகாலையில் செய்தால்தான் பயிற்சி என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. குளிர் மாதங்களில் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். நான் அந்த மாதங்களில் ஓட்டத்தை மதியத்துக்குத் தள்ளிவிடுவேன். வெயில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும். விளக்கு போட்ட அறைக்குள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியே கிடைக்கும் அந்த வெளிச்சம் மனநிலையையும் தூக்கிவிடும். வேலை நேரம் இடம் கொடுக்காதவர்கள் மாலையில் வீட்டுக்குள் நுழையும் முன்பே பயிற்சியை முடித்துவிடுங்கள். ஒருமுறை கதகதப்பான அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு.

அடுத்தது, குளிர்காலத்துக்கு என்று ஒரு தனி இலக்கு வேண்டும். கோடையில் ஓடிய தூரத்தை இப்போதும் ஓட வேண்டும் என்று நினைப்பதாலேயே பலர் அடியோடு விட்டுவிடுகிறார்கள். ஹிக்சன், ரோசன்கோட்டர் என்ற இருவர் 1981இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய ஆறுதல். வாரத்துக்கு 6 நாள் கடும் பயிற்சி செய்து உடல் திறனை ஏற்றிக்கொண்டவர்களை, அடுத்த 15 வாரங்களுக்கு 4 நாள் அல்லது 2 நாள் மட்டும் செய்யச் சொன்னார்கள். ஆக்சிஜனை உள்வாங்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பயிற்சி நாட்களில் வேகத்தையும் நேரத்தையும் அவர்கள் குறைக்கவில்லை, அதைக் கவனியுங்கள். ஹிக்சன் குழுவே பிறகு பயிற்சியின் கடுமையைக் குறைத்துப் பார்த்தபோது திறன் இறங்கிவிட்டது. ஆகவே நாளைக் குறைக்கலாம், வேகத்தை விடக் கூடாது. வாரத்தில் இரண்டு நல்ல ஓட்டம் இருந்தால் குளிர்காலத்தைத் தாண்டிவிடலாம். மற்ற நாட்களில் நடந்தாலே போதும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி எட்ட முடியாத ஒன்றாகத் தோன்றாது.

இப்போது கிளம்பும் அந்தக் கணத்துக்கு வருவோம், உண்மையான சிக்கல் அங்கேதான். போகலாமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் யோசித்தால் குளிர்தான் ஜெயிக்கும். எத்தனை மணிக்கு, எந்த வழியில், மழையோ பனியோ வந்தால் அதற்குப் பதிலாக என்ன என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். கிளம்பும் நேரம் வந்ததும் கதவைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் உடம்பை அசையுங்கள்: கையைச் சுழற்றுவது, உட்கார்ந்து எழுவது, மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குவது. குளிர்ந்த தசை மெதுவாகத்தான் இயங்கும், அதை உள்ளேயே சூடேற்றிவிட்டால் வெளியே முதல் சில நிமிடங்கள் இழுத்துப் பிடிக்காது. கழுத்தோரம் லேசாக வியர்வை பூக்கத் தொடங்கும்போது நான் கதவைத் திறப்பேன். அந்த நிலையில் திரும்பிப் போய்ப் படுக்கத் தோன்றாது.

உடை விஷயத்தில் பலரும் அளவுக்கு மீறிப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். உள்ளே பருத்தி பனியன் என்றால் ஈரம் முதுகெலும்போடு ஒட்டிக்கொள்ளும். ஷூ கயிறு அவிழ்ந்து கட்டுவதற்காகக் குனியும் அந்த அரை நிமிடத்திலேயே அது பனிக்கட்டியாகச் சில்லிடும், விரலும் மரத்துப்போய்க் கயிற்றைப் பிடிக்காது. உடம்பை ஒட்டி ஈரம் தேக்காத பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, அதன் மேல் காற்றைத் தடுக்கும் ஒன்று, காதுக்கும் கைக்கும் உறை. திரும்பி வந்ததும் ஈரத் துணியை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், குளிரில் தாக உணர்வு மங்கிவிடும்.

வீசிங் உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்வது நல்லது. குளிர்ந்த காற்று வறண்டது, மூச்சுக்குழலை இறுக்கும். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். தரை பனியில் வழுக்கும் நாட்களில் வெளியே போகவே வேண்டாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பயிற்சி மட்டுமில்லாமல் சாப்பாடு, தூக்கம், மனிதர்கள் என்று எல்லாவற்றிலும் பிடிப்பு விட்டுப்போகிறது என்றால் அது பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். 1984இல் நார்மன் ரோசன்தால் குழுவினர் விவரித்த அந்த நிலைக்கு ஒளி சிகிச்சை உட்பட நல்ல வழிகள் இருக்கின்றன, தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் கவலைப்படாதீர்கள். பழக்கம் உருவாவது பற்றி பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. சளி, காய்ச்சல் என்று ஒரு வாரமே போய்விட்டால், விட்ட நாட்களை ஈடுகட்டப் பார்க்காமல் வழக்கமான தூரத்தில் பாதியோடு திரும்பத் தொடங்குங்கள்.